சாரத்துண்டு அடைத்த பெட்டி

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் கண்ட முதல் ஆள் நான். மின்னணுப் பொறியியல் படித்து முடித்ததைப் எங்கள் ஊரான புளியங்கூடலில் யாருக்குச் சொன்னாலும் அடுத்த கேள்வி சம்பளம்தான்.

"மேசன் வேலைக்குப் போறவன் உன்னைவிடக் கூடக் காசு உழைக்கிறான். நீ நெடுந்தீவில தண்ணி இறைக்கிறாய்" என்பாள் அக்கா.

நான் தண்ணீர் இறைப்பதில்லை. கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையத்தின் மின்னணுக் கருவிகளைப் பராமரிக்கிறேன். மேசனைப் பற்றி அவள் சொன்னது மட்டும் உண்மை. அதனால்தான் கொழும்புக் கம்பனி ஒன்றுக்கு விண்ணப்பித்திருந்தேன். சம்பளம் இரண்டரை மடங்கு. நேர்முகம் தொலைபேசியில், புதன்கிழமை இரண்டு மணிக்கு.

அந்தப் புதன் காலையில் நிலையம் நின்றுபோனது. வள்ளத்தால் இறங்கிப் போனபோது வாசலில் தண்ணீர்க் கான்களோடு சனம் நின்றது. பம்பைக் கட்டுப்படுத்தும் பெட்டியைத் திறந்தேன். மின்சுற்றுப் போர்ட் கருகிக் கிடந்தது. காற்றுத் துளைகளில் உடுத்துக் கிழிந்த பழைய சாரத்துண்டை யாரோ இறுக்கி அடைத்திருந்தார்கள். சூடு வெளியேற வழியில்லை.

"இதை ஆர் அடைச்சது?"

"நான்தான்" என்றார் நிலையத்தை இயக்கும் அண்ணை. "நீர்தானே தம்பி போனமுறை சொன்னனீர், உப்புக்காத்தை உள்ளுக்கு விடாதேங்கோ எண்டு."

சொன்னது உண்மை. வள்ளத்துக்கு ஓடிக்கொண்டே சொன்னேன். துளைகளுக்கு வலை போடவேண்டும் என்பதைச் சொல்லவில்லை. எங்கள் தீவுகளில் உப்புக்காற்று என்றால் துணியால் பொத்திவிடுவார்கள். எங்கள் வீட்டு ரேடியோவும் சீலைக்குள்தான் கிடந்தது. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மாற்றுப் போர்ட் கைவசம் இருந்தது. பாதி பொருத்திப் பூட்டியபோது தொலைபேசி அடித்தது. எழுந்து போனால் சிக்னல் போய்விடும். அண்ணை ரோச் வெளிச்சம் பிடித்தபடி பக்கத்திலேயே நின்றார்.

"கடைசியாக நீங்கள் திருத்திய பழுதைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றார் கொழும்பிலிருந்து பேசிய பெண்.

இயக்குபவரின் கவனயீனம் என்று முடித்திருக்கலாம். அறிக்கைகளில் அப்படித்தான் எழுதுவோம். ரோச் வெளிச்சம் பெட்டிக்குள் ஆடத் தொடங்கியது. அண்ணைக்கு அந்த வேலை நிரந்தரமில்லை.

"நான் விளக்கத்தைப் பாதியில் விட்டதால் ஒரு போர்ட் எரிந்துபோனது. அதைத்தான் இப்போது மாற்றிக்கொண்டிருக்கிறேன்."

மறுமுனையில் எதையோ தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது.

"ஏன் அந்த வேலையை விடப் பார்க்கிறீர்கள்?"

"சம்பளம் காணாது."

"வேலை பிடிக்கவில்லையா?"

"பிடிக்கும்" என்றேன். அதைச் சொன்ன பிறகுதான் எனக்கே அது உறைத்தது.

முடிவை அறிவிப்பதாகச் சொல்லி வைத்துவிட்டார்.

"உம்மட வேலையைக் கெடுத்துப்போட்டன் போல" என்றார் அண்ணை.

"அதை விடுங்கோ. வெளிச்சத்தை இஞ்சால பிடியுங்கோ."

மூன்றரைக்குப் பம்ப் ஓடியது. வெளியே கான்கள் ஒன்றோடொன்று உரசின.

வெள்ளிக்கிழமை பதில் வந்தது. என்னை எடுக்கவில்லை.

"இன்ரவியூவில போய் ஆரும் தன்ர பிழையைச் சொல்லுவினமோ, விசரா" என்றாள் அக்கா. நானும் மூன்று நாளாக அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அடுத்த முறை போகும்போது மெல்லிய வலை வாங்கிப் போனேன். அண்ணையும் நானும் அதை அளந்து வெட்டிப் பூட்டினோம். ஏன், எதற்கு, எத்தனை நாளுக்கு ஒருமுறை கழுவவேண்டும் என்று எல்லாம் சொன்னேன். அவரைத் திருப்பிச் சொல்லவும் வைத்தேன்.

"தம்பி, கடைசி வள்ளம் வெளிக்கிடப்போகுது."

"போகட்டும் அண்ணை. கழுவின வலையைக் காயாமல் பூட்டினால் என்ன நடக்கும்? அதைச் சொல்லுங்கோ."