மாஸ்டரக்கா பழக்கிவிட்ட பரீட்சை

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பதில் மாஸ்டரக்காவை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. கிளட்ச் எது பிரேக் எது என்று முழிக்கிறவர்களைக்கூட டெஸ்டில் தேற்றிவிடுவாள். இன்ஸ்பெக்டர் எந்த முக்கில் திருப்பச் சொல்வார், எந்த மேட்டில் நிறுத்தச் சொல்வார் என்பதெல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அதை மட்டும் திரும்பத் திரும்ப ஓட்டவைப்பாள். மிச்சத்தை ரோடு கற்றுக்கொடுக்கும் என்பது அவள் கட்சி. நல்ல கட்சியென்று நான் சொல்லமாட்டேன், ஆனால் கூட்டம் அலைமோதியது.

அப்பேர்ப்பட்டவள் சொந்தப் பிள்ளை விஷயத்தில் ஆடிப்போயிருந்தாள். மகனைச் சிட்டு என்று செல்லமாகக் கூப்பிடுவார்கள். பிறந்தபோது அவ்வளவுதான் இருந்தான். அவளுக்கு ரத்த அழுத்தம் எகிறி, குறைமாதத்தில் அறுத்து எடுத்த பிள்ளை. எடையும் இல்லை, உடனே அழவும் இல்லை. மூச்சுக்கு ஒரு குழாயும் கண்ணாடிப் பெட்டியுமாகக் கிடந்து பிழைத்தான். மூன்று வயதாகியும் பேச்சு வரவில்லை, கூப்பிட்டால் திரும்புவதில்லை. ஆட்டிசமா என்று பரிசோதிக்க டாக்டர் தேதி கொடுத்துவிட்டார்.

இந்த நேரம் பார்த்து நாத்தனார் எங்கேயோ எபிஜெனடிக்ஸ் என்று படித்துவிட்டு வந்தாள். வயிற்றில் சுமக்கும்போது அம்மா படுகிற டென்ஷனெல்லாம் பிள்ளையின் மரபணுவில் ஒட்டிக்கொள்ளுமாம். வாய் சும்மா இருக்குமா? சொல்லிவிட்டாள். ஆஸ்பத்திரியில் சேர்கிறவரை கற்றுக்குட்டிகளின் பக்கத்தில் உட்கார்ந்து கத்தியது ஒவ்வொன்றாய் நினைவுக்கு வந்து மாஸ்டரக்காவை அறுத்தது. பரிசோதனையில் ஒன்றுமில்லை என்று வந்துவிட்டால் தன்மேல் பழியில்லை. அவளுக்கு அது ஒன்றுதான் வேண்டும்.

எனவே தனக்குத் தெரிந்த வித்தையை எடுத்தாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் இன்னொரு பிள்ளையின் அம்மாவிடம் பேச்சுக்கொடுத்து, உள்ளே என்னென்ன செய்யச் சொல்வார்கள் என்று கறந்துவிட்டாள். பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். பொம்மைக் கப்பில் குடிக்கச் சொல்வார்கள். பொம்மை போனை நீட்டுவார்கள். அதே சாமான்களை வாங்கிவந்து, ஒரு உலர்திராட்சை கொடுத்து ஒரு தடவை செய்யவைப்பது என்று தினமும் பழக்கினாள். அவன் என்ன லைசென்ஸா எடுக்கப்போகிறான் என்று கேட்ட புருஷன், அவள் பார்த்த பார்வையில் அடங்கிப்போனான்.

பரிசோதனை நாளில் சிட்டு அசத்தினான். கூப்பிட்டதும் திரும்பினான். கப்பில் குடித்தான். போனைக் காதில் வைத்தான். டாக்டரம்மா பேனாவை எடுத்தார். பெரிதாக ஒன்றும் தெரியவில்லை, ஆட்டிசப் பிள்ளைகளுக்கான பயிற்சி வகுப்பில் இடம் கம்மி, இவனை ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம், இப்போதைக்கு வேறு பிள்ளைக்கு அந்த இடத்தைக் கொடுக்கலாம் என்றார். இதற்குத்தானே இத்தனை பாடு! ஆனால் மாஸ்டரக்கா மகனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போனைக் காதில் வைத்தபடியே அவன் திராட்சைக்காக வாயைத் திறந்துகொண்டு நின்றான். யாரையும் பார்க்கவில்லை. இவனை இப்படியே நடுரோட்டில் இறக்கிவிடுகிறோமே என்று அவளுக்குப் பகீரென்றது.

"எழுதாதீங்க டாக்டர். நான்தான் பழக்கிவிட்டிருக்கேன். வீட்ல கூப்பிட்டா திரும்பவே மாட்டான். என்னாலதான் இப்படி ஆச்சுன்னு யாரும் சொல்லிடக் கூடாதுன்னு பண்ணிட்டேன்."

அதற்குமேல் அழுகைதான். டாக்டரம்மா திட்டவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு விளக்கினார். மரபணு மாறுவதில்லை, அது எவ்வளவு வேலை செய்யவேண்டும் என்று கூட்டிக் குறைக்கிற அடையாளங்கள் அதன்மேல் உண்டு, எபிஜெனடிக்ஸ் என்பது அதைத்தான். கருவில் சத்தும் காற்றும் குறைந்தாலோ, பிரசவம் சிக்கலானாலோ அவை மாறக்கூடும். எடை குறைந்து பிறந்த பிள்ளைகளுக்கு ஆட்டிசம் வருவதில் அதற்கும் பங்கு இருக்கலாம் என்று ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள். அது பல காரணங்களில் ஒன்று. அப்படிப் பிறந்தவர்களில் பெரும்பாலோருக்கு ஆட்டிசம் வருவதே இல்லை. சிட்டுவுக்கு அது இருந்தாலும் எதனால் என்று எந்தக் கொம்பனாலும் சொல்லமுடியாது.

"பிரஷரை நீங்களா ஏத்திக்கிட்டீங்க? விடுங்கம்மா. இத்தனை சீக்கிரம் இத்தனை கத்துக்கிட்டிருக்கானே, அதப் பாருங்க. இவனுக்குக் கத்துக்க வரும். உங்களுக்குக் கத்துக்கொடுக்க வரும்."

மறுபடி முறையாகப் பரிசோதித்தார்கள். ஆட்டிசம்தான். வகுப்பில் இடம் கிடைத்தது. அங்கே மாஸ்டரக்காவுக்குத்தான் பெரிய சோதனை. எதையும் செய்யச் சொல்லக்கூடாது, அவன் செய்வதை நீங்களும் செய்யுங்கள் என்றார் பயிற்சியாளர். வாயை மூடிக்கொண்டு தரையில் உட்காருவது அவளுக்குப் பழக்கமா என்ன! பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவன் பம்பரம் சுழல்வதையே பார்த்துக்கொண்டிருப்பான், இவள் சுற்றிவிடுவாள். நின்றால் மறுபடி சுற்றுவாள். வாரக்கணக்கில் இதே கதை.

ஒருநாள் கை கடுத்துப்போய்ச் சும்மா இருந்துவிட்டாள். சிட்டு நின்றுபோன பம்பரத்தைப் பார்த்தான். அவள் கையைப் பார்த்தான். அப்புறம் தலையைத் தூக்கி அவள் முகத்தைப் பார்த்தான். யாரும் கூப்பிடவில்லை, யாரும் சொல்லித்தரவில்லை. சந்தோஷத்தில் அவள் அவசர அவசரமாகச் சுற்றிவிட, பம்பரம் சரியாகச் சுழலாமல் சாய்ந்தது. அவன் மறுபடி அம்மாவைப் பார்த்தான்.