மரியாதைக்கு இறக்கிய கால்

பைபாஸ் ஆபரேஷன் முடிந்து என் கணவர் பாறசாலை வீட்டுக்கு வந்த முதல் வாரம். இதயத்தில் வைத்துத் தைக்க, இடது காலிலிருந்து ரத்தக்குழாய் எடுத்திருந்தார்கள். உட்காரும்போது அந்தக் காலை ஸ்டூலில் தூக்கி வைக்க வேண்டும், தையலைத் தினமும் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொல்லித்தான் அனுப்பினார். எனக்கோ நெஞ்சைப் பற்றித்தான் பயம். அவர் இருமினால் ஓடுவேன். கண்ணயர்ந்தால் மூச்சு வருகிறதா என்று குனிந்து பார்ப்பேன்.

காட்டாக்கடையிலிருந்து இவருடைய மாமா பார்க்க வந்ததும் இவர் காலை இறக்கி, வேட்டியையும் இழுத்துவிட்டார்.

“காலை மேல வையுங்க” என்றேன்.

“மாமனுக்க முன்ன காலத் தூக்கி வச்சிட்டா இருக்கியது? நீ சும்மா கெட.”

நானும் விட்டுவிட்டேன். அவர் போனதும் அடுத்தவர் வந்தார். தினமும் இதே கதை.

ஐந்தாம் நாள் வேட்டியில் ஈரம் தெரிந்தது. விலக்கிப் பார்த்தால் கால் வீங்கி, தையல் பிரிந்து சீழ் வடிந்தது. ஜீப் பிடித்து, ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரிக்கே ஓடினோம். வழியில் நெய்யாற்றின்கரை தாண்டுவதற்குள் எனக்கு உயிர் போய் வந்தது.

“நெஞ்சு நல்லா உண்டு. காலை யாராவது பாத்தீங்களா?” என்றார் டாக்டர்.

நல்லவேளை, மருந்திலேயே ஆறியது. இப்போது பைபாஸ் முடிந்த யாரையாவது பார்க்கப் போனால் வாசலில் நின்றே சொல்லிவிடுகிறேன்: “காலை எறக்கண்டாம், அப்பிடியே இரியும். எனக்க மரியாதை அந்த ஸ்டூல் மேலயாக்கும்.”