தூக்கம் வராதவர்களுக்கு ஒரு பரிந்துரை

அந்த வரிகளைக் கறையக்கா மனப்பாடமாகச் சொல்வாள். யாரும் கேட்க வேண்டியதில்லை. "சோப்பு வாசனை வீசும் எளிய எழுத்து. யாருக்கும் தீங்கில்லாதது. தூக்கம் வராதவர்களுக்குப் பரிந்துரைக்கிறேன்." எழுதியவர் தராசு. இடம், அவருடைய வலைப்பூவான 'ஞாயிறு தராசு'. பரிந்துரைக்கப்பட்டது, கறையக்காவின் வலைப்பூவான 'பாக்கெட்டில் இருந்தது'.

கறையக்காவுக்கு ஒரு சலவைக்கடையின் பின்கட்டில் வேலை. துணிகள் இயந்திரத்துக்குள் போவதற்கு முன் அவள் மேசைக்கு வரும். பைகளைத் துழாவி, கறைகளைப் பார்த்து, வினிகரா ஸ்பிரிட்டா வெறும் பச்சைத் தண்ணீரா என்று முடிவு செய்து, பிரஷ்ஷும் வெள்ளைத் துணியுமாக ஒற்றி எடுப்பாள். பைகளில் கிடைத்ததை உறையில் போட்டு உரியவரிடம் கொடுத்துவிடுவாள். கொடுத்ததைப் பற்றி வீட்டுக்குப் போய் எழுதுவாள். கோட்டுப் பையில் ஒரு பால்பல். பள்ளிச் சட்டையில் நான்காய் மடித்த மன்னிப்பு. யாருடைய துணி என்று ஒருபோதும் எழுத மாட்டாள். வாசகர்கள் சொற்பம், பின்னூட்டம் அதைவிடச் சொற்பம். ஆனால் வந்தவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள்.

தராசு பரிந்துரைத்த பிறகு கூட்டம் கூடியது. வந்தவர்களெல்லாம் கொட்டாவி விட்டுப் போனார்கள். "அக்கா, ரெண்டு பத்திதான் படிச்சேன், குறட்டை வந்திடுச்சு." "மாத்திரையை நிறுத்திட்டேன், உங்க புண்ணியம்." இப்படி வரிசையாக.

"இதுல என்ன இருக்கு? ஆள் வருதில்ல?" என்றார் அவள் கணவர். அவர் லிஃப்ட் மெக்கானிக். மேலே போனது கீழே வரும், கீழே போனது மேலே வரும் என்பதில் அசையாத நம்பிக்கை உள்ளவர்.

"சிரிக்க வர்றாங்க."

"சிரிச்சிட்டுப் போகட்டுமே. உனக்கென்ன தேய்ஞ்சா போச்சு?"

"தேய்ஞ்சுதான் போச்சு," என்றாள். அன்றோடு வீட்டில் அந்தப் பேச்சு நின்றது. அவள் மனதில் நிற்கவில்லை.

தராசு லேசுப்பட்ட ஆளில்லை. டயர் கடையில் பில் போடுகிறவர்தான். ஆனால் ஞாயிறு காலை அவர் எந்த வலைப்பூவை எடை போடுகிறாரோ அதுதான் அந்த வாரம் பதிவர்களின் பேச்சு. அவர் தூக்கினால் தூக்கியது, போட்டால் போட்டது. வீட்டு விஷயம் எழுதுகிறவர்களைக் கண்டால் மட்டும் அவருக்கு எகத்தாளம் தாங்காது. "சமையலறையிலிருந்து இலக்கியம் வரும், கூடவே கரப்பானும் வரும்" என்று ஒருமுறை எழுதியிருந்தார்.

அவர்மீது பாய வழி தெரியாமல் கறையக்கா ஒரு வருஷம் பொறுத்தாள். பொறுத்தார் பூமி ஆள்வார் என்பார்கள். அவளுக்குப் பூமி வேண்டாம். அந்த மூன்று வாக்கியங்களை எழுதியவர் வாயாலேயே விழுங்க வேண்டும், அவ்வளவுதான்.

வழி தானாக வந்தது. பதிவர்கள் சேர்ந்து நடத்தும் கூட்டுப்பக்கம் ஒன்று உண்டு. வாரம் ஒருவர் அதற்கு ஆசிரியர். தினமும் தனக்குப் பிடித்த வலைப்பூக்களை மற்றவர்களுக்கு அறிமுகம் செய்ய வேண்டும். குறை சொல்லக் கூடாது, நல்லது மட்டுமே சொல்ல வேண்டும். வெளியிடுவதற்கு முன் எழுதியவருக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுத் தெரிவிக்க வேண்டும். இவைதான் சட்டம். அடுத்த மாதம் ஒரு வாரத்துக்குக் கறையக்கா ஆசிரியராக இருக்க முடியுமா என்று கேட்டு அழைப்பு வந்தது. "முடியும்" என்று அந்த நிமிஷமே பதில் போட்டாள்.

"புகழ்ந்துதானே எழுதணும்? இதுல எப்படிப் பழி வாங்குவே?" என்றான் ஆவி. அவன் கடையில் நீராவிப் பெட்டி போடுகிறவன். நாள் முழுக்கப் புகைக்குள்ளிருந்து தலை மட்டும் தெரியும் என்பதால் அந்தப் பெயர். கறையக்காவின் பதிவுகளை வரி விடாமல் படிக்கிறவர்களில் ஒருவன்.

"அவரும் புகழ்ந்துதானே எழுதினார்?" என்றாள் கறையக்கா.

அன்றிலிருந்து பேருந்திலும் டீ நேரத்திலும் தராசின் பதிவுகளை முதலிலிருந்து படிக்க ஆரம்பித்தாள். எதிராளியை இவ்வளவு ஆழ்ந்து படித்தவர்கள் குறைவு. எங்காவது ஒரு பொய், ஒரு திருட்டு, ஓர் அசட்டுக் காதல் கவிதை கிடைக்காதா என்று தேடினாள். ஒன்றும் கிடைக்கவில்லை. பிறகு அவர் மற்றவர்களுக்குப் போட்ட பழைய பின்னூட்டங்களுக்குப் போனாள். எழுதியவரே மறந்துபோன ஒரு வலைப்பூவின் அடியில் தராசின் பெயர் இருந்தது. அதை அழுத்தினாள். 'ஞாயிறு தராசு' வரவில்லை. வேறொரு பக்கம் திறந்தது. ஓரத்தில் அதே முகம், கொஞ்சம் இளசாக, கண்ணாடி இல்லாமல். மேலே 'அப்பாவின் அறை' என்று இருந்தது.

பதினைந்து பதிவுகூட இருக்காது. ஒன்றிலும் பின்னூட்டம் இல்லை. நினைவு தப்பிக்கொண்டிருந்த அப்பாவைத் தனியாளாகப் பார்த்துக்கொண்ட நாட்களில் எழுதியது.

"இன்று அப்பா என்னை யாரென்று கேட்டார். தபால்காரன் என்றேன். கடிதத்துக்குக் கை நீட்டினார். வெறுங்கையோடு வந்த தபால்காரனை அவர் திட்டவில்லை. வெயிலில் வந்திருக்கிறாய், உட்கார் என்றார்."

கறையக்கா இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டாள்.

மறுநாளும் படித்தாள். ஈரமான விரிப்பைத் தொட்டியில் மிதித்துத் துவைப்பதைப் பற்றி ஒரு பக்கம். அப்பாவின் சட்டைப் பொத்தானைத் தினமும் தப்பாகப் போட்டுவிட்டு, அவரே சரிசெய்வதைப் பார்க்க நிற்பதைப் பற்றி இன்னொன்று. தன்னுடையதைவிட நன்றாக இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது. அதில் வயிறு எரிந்தது. இப்படி எழுதத் தெரிந்த மனிதனா என்னைப் பார்த்துச் சோப்பு வாசனை என்றான்? எரிச்சல் இரண்டு மடங்காயிற்று.

கடைசிப் பதிவுகளில் அண்ணன் வந்தார். சரியாகச் சொன்னால், வரவில்லை. "அண்ணன் வரவில்லை. அண்ணி ஒரு போர்வை அனுப்பியிருந்தாள். போர்வை நல்ல கனம். அண்ணனுக்குப் பதிலாக அது அப்பாவின் மேல் படுத்துக்கொண்டது." தராசு இப்போது அந்த அண்ணன் வீட்டு மாடியில்தான் குடியிருக்கிறார் என்பது பதிவர்களுக்குத் தெரியும். அண்ணனைப் பற்றி அவர் இப்போது எழுதுவதெல்லாம் பாயாசம்.

கறையக்கா வாரத்தின் கடைசி நாளுக்கு அந்த அறிமுகத்தை எழுதி வைத்தாள். ஒரு பொய் வார்த்தை கிடையாது. "தராசு என்ற பெயரில் நாம் அறிந்தவர் முன்பு எழுதிய வலைப்பூ. நான் படித்தவற்றில் இதுவே சிறந்தது. எல்லோரும் படியுங்கள்." கீழே சுட்டி. சட்டப்படி அவருக்கும் மின்னஞ்சல் அனுப்பினாள். அதில் தன் தொலைபேசி எண்ணையும் போட்டாள்.

தொலைபேசி அன்று மதியமே வந்தது. கையுறையைக் கழற்றாமல், முழங்கையால் ஸ்பீக்கரை அழுத்தினாள். ஆவி பெட்டியை நிறுத்திவிட்டு நகர்ந்து வந்தான்.

"மேடம், வணக்கம். நான் தராசு பேசுறேன்."

"சொல்லுங்க சார்."

"அந்த அறிமுகம்... அது போட வேண்டாமே."

"ஏன் சார்? நல்லாத்தானே சொல்லியிருக்கேன்?"

"அது எப்பவோ எழுதினது மேடம். அழிக்கலாம்னு பார்த்தா பாஸ்வேர்டு ஞாபகம் இல்ல. அண்ணன் இதுவரைக்கும் பார்த்ததில்ல. நீங்க போட்டா அண்ணி கண்ணுல படாம இருக்காது. அவங்க கூட்டுப்பக்கத்தைத் தினம் படிக்கிறவங்க. எனக்கு இருக்கிறது அந்த ஒரு மாடிதான்."

"அது நான் படிச்சதிலேயே ஒசத்தி சார். பொய் சொல்லல."

"அக்கா, வேணாம்க்கா," என்றார் தராசு. மேடம் அக்காவாகிவிட்டதை ஆவி விரலால் சுட்டிக் காட்டிச் சிரித்தான்.

"என்னோடதைப் பத்தி எழுதினீங்களே சார், எந்தப் பதிவைப் படிச்சிட்டு எழுதினீங்க?"

"அது... பொதுவா..."

"பொதுவா எந்தப் பதிவு?"

"மேல சோப்பு படம் இருந்துச்சு."

"படத்தைப் பார்த்தீங்க. அப்புறம்?"

"அன்னிக்குச் சனிக்கிழமை ராத்திரி ஆயிடுச்சுக்கா. ஏதாவது ஒண்ணு போட வேண்டியிருந்துச்சு. தப்புதான்."

கறையக்கா ஒரு வருஷமாகக் கற்பனை செய்த எந்தப் பதிலிலும் இது இல்லை. அவர் படித்துவிட்டு வெறுத்தார் என்றுதான் நினைத்திருந்தாள். படித்து வெறுத்திருந்தால்கூட ஒரு மரியாதை. 

"இப்ப படிங்க."

"என்னது?"

"கண்மைன்னு ஒரு பதிவு இருக்கும். வாய்விட்டுப் படிங்க. கேக்கணும்."

டயர் கடையில் யாரோ சுத்தியலால் தட்டுவது கேட்டது. கதவு சாத்தப்பட்டது. தராசு படிக்க ஆரம்பித்தார். முதலில் பில் படிக்கிற குரல்.

ஒருவருடைய வெள்ளைச் சட்டையில் வாராவாரம் இடது தோளில் கண்மைக் கறை வரும். அழுகிறவள் குள்ளமானவள், கறை எப்போதும் தோள் விளிம்புக்குக் கீழே. மாதக்கணக்கில் அப்படி. ஒரு வாரம் வலது தோளில் வந்தது, விளிம்புக்கு மேலே. அதற்குப் பிறகு இரண்டிலும் இல்லை. தராசின் குரல் நிதானப்பட்டது. முற்றுப்புள்ளிகளில் நின்றார்.

"அந்த வாரம் சட்டை சுத்தமாக வந்தது. எடுக்க ஒன்றும் இல்லை. இருந்தும் இரண்டு தோள்களையும் ஒருமுறை ஒற்றி எடுத்தேன்."

படித்து முடித்தார். ஆவி, இந்தப் பதிவை ஏற்கெனவே படித்தவன், மூக்கை உறிஞ்சினான்.

"இது நல்லாருக்கு," என்றார் தராசு.

"தெரியும்."

"நிஜமா சொல்றேன்க்கா. அப்ப... அதை எடுத்துடுவீங்கதானே?"

இந்த இடத்தில் விட்டிருக்கலாம். கறையக்காவின் கணவராக இருந்தால் விட்டிருப்பார். அவள் மேசையோரம் நன்றாகச் சாய்ந்துகொண்டாள்.

"கடைசி நாளுக்கு இன்னொண்ணும் எழுதி வெச்சுக்கலாம் சார். ரெண்டுல எது வெளியாகணும்னு நீங்களே சொல்லுங்க. ஒண்ணு உங்க அப்பா. இன்னொண்ணு உங்க ஞாயிறு. கேளுங்க: 'படிக்காமலே எடை போடும் கலையைக் கற்க விரும்புவோருக்குச் சிறந்த தளம். சோப்புப் படத்தை மட்டும் பார்த்து என் வலைப்பூவுக்குப் பரிந்துரை எழுதியதாக ஆசிரியரே என்னிடம் சொன்னார். அவர் சம்மதத்தோடு இதை வெளியிடுகிறேன்.'"

"அக்கா, இது என் பேரையே காலி பண்ணிடும்."

"பேரா, மாடியா, பாருங்க."

"பாவம் இல்லையா?"

"தூங்கிட்டே யோசிங்க சார். என் பதிவு ஒண்ணு இன்னும் திறந்துதானே இருக்கு?"

ஆவி வாயைப் பொத்திக்கொண்டு துணிக்குவியலுக்குப் பின்னால் போனான்.

"ரெண்டாவது," என்றார் தராசு. வைத்துவிட்டார்.

இரண்டாவது அறிமுகம் வெளியானது. அப்பப்பா, என்ன ஒரு நாள்! தராசு கீழே தள்ளியவர்களெல்லாம் எங்கெங்கிருந்தோ கிளம்பி வந்தார்கள். "என் கவிதையையும் இப்படித்தான் எடை போட்டீங்களா சார்?" "கடையில டயரையாவது பார்த்துட்டு பில் போடுறீங்களா?" சமையல் எழுதுகிற ஒருவர், "கரப்பான் வணக்கம் சொல்கிறது" என்று போட்டிருந்தார். கறையக்கா ஒவ்வொன்றையும் சாவகாசமாகப் படித்தாள். அந்த ஞாயிறு தராசு வெளிவரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. அவளுக்குப் பசித்தது, நன்றாகச் சாப்பிட்டாள். குற்ற உணர்ச்சி வருமோ என்று வழி பார்த்தாள்; வரவில்லை.

"திருப்தியா?" என்றார் கணவர்.

"ரொம்ப."

"முகத்துலயே தெரியுது. லாட்டரி அடிச்ச மாதிரி இருக்கே."

ஒன்றே ஒன்றுதான் அவளை உறுத்தியது. வருஷக்கணக்கில் நல்ல வலைப்பூக்களைத் தேடித்தேடிப் படித்து, இதைப் படி அதைப் படி என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவள், கண்டதிலேயே ஒசத்தியானதை யாரிடமும் சொல்ல முடியாது. ஆவிக்குக்கூடச் சுட்டியைக் கொடுக்கவில்லை. வாக்கு வாக்குதான். தான் மட்டும் டீ நேரத்தில் திறந்து, ஒரு பதிவு படித்துவிட்டு மூடுவாள்.

ஒருநாள் திறந்தபோது, அந்த முகவரியில் எதுவும் இல்லை என்று வந்தது. தப்பாக அழுத்திவிட்டோம் என்று மறுபடி அழுத்தினாள். அதேதான். மின்னஞ்சலில் தராசிடமிருந்து நாலு வரி இருந்தது.

"பாஸ்வேர்டு நேற்றுதான் கிடைத்தது. அப்பாவின் பழைய தொலைபேசி எண்தான். எல்லாவற்றையும் அழித்துவிட்டேன், பிரதி எடுக்கவில்லை. அதைப் படித்த ஒரே ஆள் நீங்கள். இனி நீங்களும் படிக்க முடியாது."

அவள் மேசையில் ஒரு பட்டுச்சட்டை காத்திருந்தது. அதைத் தொடவில்லை.

"என்னக்கா?" என்றான் ஆவி.

"அழிச்சிட்டான்."

"எதை?"

போனில் அரைகுறையாகக் கேட்டிருந்த அவனிடம் அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னாள். "பயந்துட்டாரோ என்னவோ," என்றான் ஆவி.

"பயந்திருந்தா சத்தமில்லாம அழிச்சிருப்பான். எனக்கு எதுக்கு எழுதணும்? எங்க அடிச்சா வலிக்கும்னு நான்தானே அன்னிக்குப் போன்ல சொன்னேன். ஒசத்தின்னு சொன்னேனே!"

"நீ பிரதி எடுத்து வெச்சுக்கலையா?"

"அங்கதானே இருக்குன்னு இருந்துட்டேன்."

"சரி, ஞாபகம் இருக்கிறதைச் சொல்லு, கேப்போம்."

அவள் சொல்லிப் பார்த்தாள். அப்பா செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு வாசல்வரை போன ஒரு பதிவு. செருப்பு நினைவிருந்தது, வாசல் நினைவிருந்தது. அவர் எழுதிய வாக்கியம் வரவில்லை. தன் வாக்கியம்தான் வந்தது. அது வேறு மாதிரி இருந்தது, கொஞ்சம் மட்டமாக. பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

"பாவி மனுஷன்," என்றாள். "இருக்கட்டும். கூட்டுப்பக்கத்துல எனக்கு இன்னொரு வாரம் வராமலா போகும்?"

"வந்தா என்ன செய்வே?"

கறையக்கா கையுறையைக் கழற்றிவிட்டு, அழிந்துபோன அந்தப் பக்கத்தை இன்னொரு தரம் திறந்து பார்த்தாள்.