தறியில் ஜனனியின் இடத்தில் உட்கார்ந்தவர்

மரகதம் டீச்சர் இறந்துவிட்டார் என்ற செய்தி எனக்கு வாலாஜாபாத் பேருந்து நிலையத்தில் வந்தது. காஞ்சிபுரம் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்த நேரம், அவருடைய மகன் போன் செய்தான். "அம்மா வாசல் தெளிக்கும்போது விழுந்துட்டாங்க ஆன்ட்டி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறதுக்குள்ள முடிஞ்சிபோச்சு" என்றான். நான் என்ன பதில் சொன்னேன் என்று நினைவில்லை. பக்கத்தில் பூக்கூடையோடு இருந்த அம்மாள் "இன்னாம்மா ஆச்சு, ஏன் அழுவுற" என்று கேட்ட பிறகுதான் நான் வாய்விட்டு அழுதுகொண்டிருப்பது எனக்கே தெரிந்தது.

பிள்ளையார்பாளையத்தில் அவர் வீட்டுத் தெருமுனைக்கு நான் போய்ச் சேர்வதற்குள் பேனர் கட்டிவிட்டார்கள். நல்ல படம்தான். படத்துக்குக் கீழே 'சாந்தமே உருவான எங்கள் ஆசிரியை' என்று எழுதியிருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யாரப்பா இதை எழுதினது, மரகதம் டீச்சர் சாந்தமா? அவரோடு வேலை பார்த்த நீங்களும், அவரிடம் படித்த நீங்களும் சொல்லுங்கள். நம் தொடக்கப் பள்ளியில் நாலாம் வகுப்பு வாசலில் அவர் செருப்புச் சத்தம் கேட்டால் அடுத்த அறையில் இருந்த என் ஐந்தாம் வகுப்பும் சேர்ந்து வாயை மூடும். அவர் அடித்திருக்கிறார். அடி வாங்கியும் இருக்கிறார். செத்துப்போன மனுஷியைச் சர்க்கரைப் பாகில் முக்கி எடுக்க நான் சம்மதிக்க மாட்டேன். நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

கொரோனாவுக்கு முன்பு அவர் மேஜையில் பிரம்பு இருந்தது உண்மை. நம் ஊரில் பிள்ளையைச் சேர்க்க வரும் அப்பன்மார் சொல்வது உங்களுக்குத் தெரியும்: "கண்ணை மட்டும் விட்டுடுங்க டீச்சர், தோலை உரிச்சிடுங்க." மரகதம் டீச்சர் அதைக் கேட்டுச் சிரிப்பார். பிரம்பை மேஜையில் தட்டுவதோடு பெரும்பாலும் நிறுத்திக்கொள்வார். எப்போதாவது உள்ளங்கையில் ஒன்று விழும். அது தப்பு என்று அப்போது எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

பள்ளியை மூடியதும் பாடம் போனுக்குப் போனது. நம் பிள்ளைகளின் வீட்டில் ஏது கம்ப்யூட்டர்? அப்பாவின் போன் ஒன்று இருக்கும். அதில் எல்லோரையும் சேர்த்து அழைத்து, வாய்ப்பாடும் தமிழும் நடத்தினோம். ஆசிரியர்கள் மட்டும் முறைவைத்துப் பள்ளிக்கு வரச் சொன்ன மாதங்களில் நானும் அவரும் காலியான வகுப்பில் எதிரெதிரே உட்கார்ந்து இரண்டு போன்களில் கத்திக்கொண்டிருப்போம். அவருடைய போனில் ஜனனி என்ற பெண்ணின் வீட்டிலிருந்து மட்டும் எப்போதும் தறிச் சத்தம் கேட்கும். மரகதம் டீச்சர் நெசவாளி வீட்டுப் பெண். அந்தச் சத்தம் கேட்டால் அவர் முகம் மலரும். "ஊரே தறிய நிறுத்திட்டு பட்டினி கெடக்குது கோமதி, ஏகாம்பரம் வீட்ல மட்டும் ஓடுது பார். அந்தப் பொண்ணு சாப்புடுது" என்பார். ஏகாம்பரம் ஜனனியின் அப்பா.

ஆனால் ஜனனி கேள்விக்குச் சட்டென்று பதில் சொல்ல மாட்டாள். டீச்சர் "ஜனனி, ஏழெட்டு எவ்ளோ" என்பார். அந்தப் பக்கம் தறிச் சத்தம் நிற்கும். பதில் வராது. "ஜனனி, இன்னாடி, தூங்கிக்கினு இருக்கியா" என்பார். அப்போது பட்டென்று ஓர் ஓசை வரும். குறுக்கே போகும் ஊடை நூலைத் தறியில் இறுக்கி அடிக்கும் சத்தம் என்று அவர் நினைத்தார். தறிக்குப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்த காது அது, அப்படித்தான் நினைக்கும். எனக்கும் அது வேறு எதுவாகவும் படவில்லை. பிறகு மெல்லிய குரலில் "ஐம்பத்தாறு டீச்சர்" என்று வரும். "தெரிஞ்சிக்கினே சொல்ல மாட்டேங்குது பார், திமிர்" என்று மறுபடி மறுபடி அவளையே கூப்பிடுவார்.

பள்ளி திறந்தது. திரும்பி வந்தவை நாம் அனுப்பிய பிள்ளைகளா என்று எங்களுக்குச் சந்தேகமே வந்துவிட்டது. பெஞ்சில் உட்கார மறந்திருந்தார்கள். எதற்கெடுத்தாலும் கை நீண்டது. ஒருவன் பக்கத்துப் பையனின் தொடையில் காம்பஸ் முள்ளை இறக்கினான். விலக்கப் போன மரகதம் டீச்சரின் முன்கையை இன்னொரு பெண் கடித்து வைத்தாள். கடித்த இடத்தில் மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டு, "இதுங்க வீட்ல பாத்தத இங்க காட்டுதுங்க. சத்தம் போடுற புள்ளைய பத்தி எனக்குப் பயம் இல்ல. சத்தமே போடாத புள்ள ஒண்ணு உக்காந்துக்கினு இருக்குது பார், அதப் பாத்தாதான் பயமா இருக்குது" என்றார். ஜனனியைத்தான் சொன்னார்.

அந்த மௌனம் அன்றைக்கே உடைந்தது. நான் சாக்பீஸ் கேட்க அவர் வகுப்புக்குப் போயிருந்தேன். அவர் வருகை எடுத்துக்கொண்டிருந்தார். "ஜனனி" என்று வழக்கமான குரலில்தான் கூப்பிட்டார். அந்தப் பெண் இடது கையால் தலையை மறைத்துக்கொண்டு பெஞ்சுக்கு அடியில் போய்விட்டாள். வலது கை மட்டும் வெளியே காற்றில் எதையோ தள்ளிக்கொண்டிருந்தது. "போட்டுட்டேன்ப்பா, போட்டுட்டேன்ப்பா, அடிக்காத, போட்டுட்டேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. மரகதம் டீச்சருக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது. உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம் என்று நெய்யும் கோர்வைச் சேலைக்குத் தறியில் இரண்டு பேர் வேண்டும். நெய்பவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இன்னொருவர் கரைக்கான நூல் சுற்றிய, முனை கூரான நாடாவைப் போட வேண்டும். அவர் போட்டால்தான் இவர் கை அடுத்ததற்குப் போகும். ஜனனி அத்தனை மாதமும் அப்பாவுக்குப் பக்கத்தில் அந்த இடத்தில் உட்கார்ந்து, தறிமேல் வைத்த போனில் பாடம் கேட்டிருக்கிறாள். டீச்சர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதும் அவள் கை நின்றிருக்கிறது. கை நின்றதும் அடி விழுந்திருக்கிறது. நாங்கள் கேட்ட ஓசை அதுதான்.

மரகதம் டீச்சர் தரையில் உட்கார்ந்து, அந்தப் பெண் தானாக வெளியே வரும்வரை காத்திருந்தார். பிறகு என்னை வகுப்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போனார். நான் எட்டிப் பார்த்தேன். தன் கன்னத்தில் தானே அறைந்துகொண்டிருந்தார். இரண்டு கையாலும், மாற்றி மாற்றி. நான் ஓடிப்போய்ப் பிடித்தேன். "நான் கூப்புட கூப்புட அவன் அடிச்சிக்கினு இருந்திருக்கான்டி" என்றார். பள்ளி விட்டதும் இருவரும் ஏகாம்பரம் வீட்டுக்குப் போனோம்.

ஏகாம்பரம் தறியைவிட்டு எழுந்திருக்கவே இல்லை. "என் பொண்ணு, என் தறி. நீ யாரும்மா கேக்கறதுக்கு?" என்றான். "பட்டு இழைய பாவு ஏத்தி வெச்சிருக்கேன், குறிச்ச நாளுக்குச் சேலைய அறுத்துக் குடுக்கணும். நீ பாட்டுக்கு ஜனனி ஜனனின்னு கூப்புட்டுக்கினே இருந்தா நான் இன்னா பண்றது?"

"பக்கத்துல உன் பொண்டாட்டி உக்கார வேண்டியதுதான? கொழந்த எதுக்கு?" என்று கேட்டார் டீச்சர். ஜனனியின் அம்மா செல்வி சுவரோரம் நின்றிருந்தாள். வலது கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். டீச்சர் போய் முந்தானையை விலக்கினார். மணிக்கட்டு கோணலாகச் சேர்ந்து, விரல்கள் மடங்காமல் நின்றன. "கதவுல மாட்டிக்கிச்சு டீச்சர்" என்றாள் செல்வி. எந்தக் கதவு என்று டீச்சர் கேட்கவில்லை. திரும்பி வந்து ஏகாம்பரத்தை அறைந்தார். நான் ஐந்தடி உயரமில்லாத ஒரு பெண்ணின் கையிலிருந்து அப்படி ஓர் அறையைப் பார்த்ததில்லை.

அவன் கையில் இருந்த நாடாவை வீசினான். கூர்முனை அவருடைய புருவத்துக்கு மேல் கிழித்தது. ரத்தம் முகத்தில் இறங்கித் தறியில் பாவாக விரித்திருந்த பட்டு இழைகளின் மேல் சொட்டியது. அதைக் கண்டதும் ஏகாம்பரம் "ஐயோ பாவு, பாவு" என்று அலறிக்கொண்டு துணியை எடுத்துப் பட்டைத் துடைக்க ஓடினான். ஒரு மனுஷியின் மண்டையைக் கிழித்தவன் நூலுக்கு அழுகிறான். மரகதம் டீச்சர் கண்ணில் ரத்தத்தோடு சிரித்தார். "எங்க ஓடறான் பார் கோமதி. இவனுக்கு எங்க வலிக்கும்னு தெரிஞ்சிபோச்சு" என்றார்.

ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்கள். போலீசில் புகார் கொடுத்தோம். கூப்பிட்டு விசாரித்து, எழுதி வாங்கிக்கொண்டு, மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வந்தவன் முதல் காரியமாக ஜனனியைப் பள்ளியிலிருந்து நிறுத்தினான். இந்தப் பாவு முடிகிறவரை பொண்ணு வராது, அப்புறமும் வராது, எவள் வருகிறாளோ வரட்டும் என்று தெருவில் நின்று சொன்னான். நான் பயந்துவிட்டேன், மறைக்காமல் சொல்கிறேன். அந்தப் பெண் நம் கையைவிட்டுப் போய்விட்டாள் என்றே நினைத்தேன்.

மறுநாள் விடிந்ததும் மரகதம் டீச்சர் தலையில் கட்டோடு போய், தறியில் ஜனனி உட்காரும் இடத்தில் உட்கார்ந்துகொண்டார். "உனக்கு ஆள்தானே வேணும்? நான் போடுறேன். பொண்ண ஸ்கூலுக்கு அனுப்பு." அவன் எழுந்து போகச் சொன்னான். "தூக்கி வெளிய போடு. தெருவே நின்னுக்கினு இருக்குது, எல்லாரும் பாக்கட்டும்" என்றார். தெரு நிஜமாகவே நின்றுகொண்டிருந்தது. சேலையை அறுத்துக் கொடுக்க வேண்டிய நாள் நெருங்கிவிட்டது. ஏகாம்பரம் பல்லைக் கடித்துக்கொண்டு நாடாவை எடுத்தான். ஜனனி பையை மாட்டிக்கொண்டு என்னோடு பள்ளிக்கு வந்தாள்.

அந்தப் பாவு முடியும்வரை பள்ளி நேரத்துக்கு முன்னாலும் பின்னாலும் அவர் அங்கே உட்கார்ந்தார். பலர் இதைத் தியாகம், மன்னிப்பு என்றெல்லாம் சொல்லிவிட்டார்கள். என் காதாரக் கேட்டதைச் சொல்கிறேன்: "மன்னிச்சேன்னு எவன் சொன்னான்? அவ உக்காந்த எடத்துல நான் உக்காந்தேன், அவ்ளோதான்." அங்கே நடந்தது சண்டைதான். அவன் செல்வியை ஒரு கெட்ட வார்த்தை சொன்னால் டீச்சர் கை நின்றுவிடும். அவர் போடாமல் அவன் நெய்ய முடியாது. "அவகிட்ட ஒழுங்கா பேசு, அப்புறம் போடுறேன்" என்பார். ஒரு நாள் நானும் இருந்தேன். காபி ஆறிப்போனதற்கு அவன் எழுந்து செல்வியின் கூந்தலைப் பிடித்துவிட்டான். மரகதம் டீச்சர் நாடாவின் முனையைத் திருப்பிப் பாவின் மேல் வைத்தார். "விடு. இல்லன்னா குறுக்க இழுத்துடுவேன். ஒரு இழை மிஞ்சாது." குரல் உயரவே இல்லை. அவன் அவர் முகத்தைப் பார்த்தான், நாடாவைப் பார்த்தான். கூந்தலை விட்டுவிட்டான். அவர் செய்திருப்பார், சந்தேகமே வேண்டாம்.

அடுத்த பாவு ஒற்றை ஆளாக நெய்யும் சாதாரணச் சேலைக்கு ஏறியது. கூலி குறைவு என்று அவன் புலம்பினான். புலம்பட்டும். ஜனனிக்குத் தறியில் இனி இடம் கிடையாது என்பது மட்டும் முடிவானது. அதன் பிறகும் டீச்சர் தினமும் அந்த வழியாகத்தான் வீட்டுக்குப் போவார். ஜன்னலில் ஒருமுறை முகத்தைக் காட்டுவார்.

வகுப்பில் அவர் யாரையும் தூரத்திலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிடுவதை நிறுத்தினார். எழுந்து போய்ப் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பார். முட்டி வலிக்கிறதே, ஏன் இந்த வேலை என்று கேட்டேன். "வலிக்கட்டும்" என்றார். ஓய்வு பெறும்வரை அப்படித்தான்.

இனி அடக்கத்தன்று நடந்தது. ஜனனி இப்போது ஒன்பதாவது படிக்கிறாள். அம்மாவோடு காலையிலேயே வந்து, டீச்சரின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள். பாடையைத் தூக்கும் நேரத்தில் எங்கிருந்தோ ஏகாம்பரம் வந்தான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தோள் கொடுக்க முன்னால் போனான். துக்க வீட்டில் வந்தவனை யார் தடுப்பார்கள்? பெரியவர்கள் வழி விட்டார்கள். எனக்கு நெஞ்சு கொதித்தது.

ஜனனி எழுந்தாள். பாடைக்கும் அவனுக்கும் நடுவே போய் நின்றாள்.

"நீ தொடாதப்பா" என்றாள்.

யாரோ ஒரு பெரியவர், "அப்பாவைப் பாத்து அப்பிடி பேசக்கூடாதும்மா" என்றார். அவள் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஏகாம்பரத்தின் கை சற்று மேலே எழுந்தது. அவள் கண்ணை மூடவில்லை, தலையை மறைக்கவில்லை. "கை இறங்கட்டும். தள்ளி நில்லு" என்றாள். குரல் உயரவே இல்லை.

அத்தனை பேர் முன்னாலும் அவன் தள்ளி நின்றான். பாடையின் அந்த மூலைக்குத் தோள் கொடுக்க நான் போனேன். பொம்பளைங்க தூக்கக்கூடாது என்று பின்னால் யாரோ சொன்னார்கள். ஜனனியும் என்னோடு வந்து தோளைக் கொடுத்தாள்.

மரகதம் டீச்சரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டிருப்பது அவருடைய கோபம். அதில் பாதி அந்தப் பெண்ணிடம் இருக்கிறது.