கைமடக்கு கொடுக்காத லாரி

ஏத்தன் வாழைக்குலை வியாபாரத்தில் காய் பழமாவதற்கு முன்னால் கிடைக்கிற இரண்டு நாள்தான் முதல். அதையும் பிடுங்கித் தின்ன ஆள் இருந்தது. சரக்கோடு எல்லைச் சோதனைச் சாவடி வெயிலில் நின்றவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நாங்கள் அப்போது திருவிதாங்கூர்-கொச்சி. ஆரல்வாய்மொழியைத் தாண்டினால் சென்னை ராஜ்யம். என் முதலாளி ஞானமுத்து குழித்துறைச் சந்தையில் வாங்கும் குலைகளைத் திருநெல்வேலியில் கொண்டு சேர்ப்பது என் வேலை. மனைவியின் நகையை விற்று வாங்கிய ஒரே லாரி. ஆனாலும் கைமடக்கு என்று ஒருவருக்கும் லஞ்சம் கொடுக்க மாட்டார்.

மோப்பம்

குலைகளுக்கு அடியில் லைசென்ஸ் இல்லாத ரப்பர் ஷீட் போகிறது என்று கெடுபிடி. அதைச் சொல்லிச் சாவடி அதிகாரி எங்கள் லாரியை ஓரங்கட்டுவார். ஆனால் சோதிக்க மாட்டார். சோதித்தால் விட்டுவிட வேண்டுமே! புளியமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். மற்றவர்களின் லாரிகள் நிற்காமல் போகும். ஒரு நடையில் மறுநாள் மத்தியானம்வரை நின்றுவிட்டுப் பொறுக்க முடியாமல் போய்க் கேட்டேன். எழுந்து வந்து குலைகளை மோந்து பார்த்தார்.

"பழுத்த மணம் வரல்லியே. உமக்கு என்னவே அவசரம்?"

நாங்களே இறக்கினோம்

அடுத்த நடையில் முதலாளி நான்கு சுமட்டுக்காரர்களையும் ஏற்றிவிட்டார். அதிகாரி கேட்பதற்கு முன்பே குலைகளை இறக்கிச் சருகில் அடுக்கி, காலி லாரியைக் காட்டினோம். பஸ்ஸில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவருக்கு வேறு வழியில்லை, விட்டார். மூன்று நடை இப்படி ஓடியது. நாலாவது நடையில் லாரியைச் சுற்றி வந்து சக்கரத்தை உதைத்தார்.

"லாரி காலிதான். டயருக்க உள்ள என்ன இருக்குன்னு நான் எப்பிடிக் கண்டேன்?"

சந்தையில் எடுத்த முடிவு

முதலாளி சந்தை வியாபாரிகளைக் கூட்டினார். எல்லா லாரியும் ஒரே காலையில் சாவடியில் சரக்கை இறக்கினால் ரோடு அடைபடும், பெரிய அதிகாரிகள் வந்தாக வேண்டும் என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். திங்கட்கிழமை நாங்கள் ரோட்டோரம் குலைகளைப் பரப்பிக்கொண்டிருந்தபோது மற்ற ஏழு லாரிகளும் எங்களைக் கடந்து நிற்காமல் போயின. கடைசி லாரியில் இருந்த தங்கய்யன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். கூட்டத்தில் உரக்கப் பேசியவனே அவன்தான். அவனை இழுத்துக் கீழே போட வேண்டும்போல் இருந்தது.

அந்த லோடு முழுவதும் அங்கேயே பழுத்து மாட்டுக்குப் போனது. சந்தையில் தங்கய்யனின் சட்டையைப் பிடித்தேன். அவன் கையைத் தட்டிவிட்டான்.

"உங்க முதலாளி குடுக்காத பங்கையும் சேத்து அந்த அதிகாரி எங்ககிட்டல்லா வாங்குகாரு. நாங்கதாம்ல ஒன் சட்டையப் பிடிக்கணும்."

புது அதிகாரி

லாரி விலைக்குப் போனது. வாங்கியவன் தங்கய்யன். வயிற்றுப்பாட்டுக்கு அதே லாரியில் அவனுக்குக் கீழே போனேன். அதைச் சொல்ல இன்றும் கூசுகிறது. ஞானமுத்து மட்டும் அந்த அதிகாரியைப் பற்றி மேலிடத்துக்கு விடாமல் மனு எழுதிக்கொண்டிருந்தார். கடைசியில் அதிகாரியை மாற்றினார்கள். புதிதாக வந்தவர் ஒரு டீகூட வாங்கிக் குடிக்காதவர். எல்லா லாரியையும் இறக்கிப் பார்ப்பார், சரியாக இருந்தால் உடனே அனுப்பிவிடுவார்.

ஒரு மாதம் போகவில்லை, தங்கய்யன் என்னையும் கூட்டிக்கொண்டு ஞானமுத்துவின் வீட்டுக்குப் போனான்.

"அண்ணாச்சி, உங்க மனுவுக்கு மதிப்பு உண்டு. இந்த ஆளையும் மாத்தச் சொல்லி ஒண்ணு எழுதித் தாருங்க. கையும் நீட்ட மாட்டேங்காரு, எல்லாத்தையும் அடிவரைக்கும் எறக்கியும் பாக்காரு. நாங்க பொழைக்க வேண்டாமா?"

வாங்குகிறவனைப் பிடிக்கவாவது சட்டம் என்று ஒன்று இருந்தது. வாங்காதவரை எங்களிடமிருந்து காப்பாற்றத்தான் எந்த ராஜ்யத்திலும் ஆள் இல்லை.