மூன்று பேருக்கு ஒரு ஜோடிக் கை

படப்பிடிப்புக் குழுவில் அவளைக் கை மேடம் என்றுதான் கூப்பிட்டார்கள். பெயரைக் கேட்டவர்கள் உண்டு. கேட்டுவிட்டு மறுநாளே மறந்துபோய், "கை மேடம் வந்தாச்சா?" என்பார்கள். அவள் அதைத் தப்பாக எடுத்துக்கொண்டதில்லை. நாலு வருஷமாக அந்தத் தொலைக்காட்சித் தொடரில் வந்தது அவளுடைய கை மட்டும்தான். முழங்கைக்கு மேலே அவள் எப்படி இருப்பாள் என்பது பார்க்கிற ஜனங்கள் யாருக்கும் தெரியாது.

மூன்று சகோதரிகளின் கதை அது. அப்பா விட்டுப்போன சலவைக் கடையை மூன்று பேரும் சேர்ந்து நடத்துகிறார்கள். மூத்தவளுக்கு வயது ஐம்பதை நெருங்குகிறது, கடைக்குட்டிக்கே முப்பத்தாறு. ஒருத்தி சொல்வது இன்னொருத்தி காதில் ஏறாது. ஆனால் ஒருத்தி வீடு திரும்ப நேரமானால் மற்ற இருவருக்கும் இருப்புக் கொள்ளாது. வாரம் ஒரு பாகம். சிரித்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருக்கும்போது எங்கோ ஓர் இடத்தில் சிரிப்பு நின்றுபோகும். அந்த ஓர் இடத்துக்காகவே ஜனங்கள் பார்த்தார்கள்.

சலவைக் கடை என்றால் கைவேலைக்குக் கேட்கவா வேண்டும். மூத்தவளாக நடித்த நடிகைக்கு ஊசியில் நூல் கோக்க வராது. நடுவுள்ளவளாக நடித்தவளுக்குச் சோப்பு பட்டால் தோல் தடித்துவிடும். கடைக்குட்டியாக நடித்த பெண் இஸ்திரிப் பெட்டியைத் தொட்ட முதல் நாளே ஒரு சட்டையை எரித்துவிட்டாள். அந்தச் சட்டையைத் தூக்கிக்கொண்டுதான் உடைகளுக்குப் பொறுப்பானவர் பக்கத்துத் தெருவில் இருந்த துணி திருத்தும் கடைக்கு ஓடினார். மெஷினில் உட்கார்ந்திருந்தவள் இவள். சட்டையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இதைத் திருத்த முடியாதுங்க. அடக்கம்தான் பண்ணணும்."

அவர் சிரித்துவிட்டு அவளைக் கையோடு கூட்டிக்கொண்டு போனார். பத்து நிமிஷ வேலை என்று சொன்னது நாலு வருஷமாக நீண்டது.

வேலை கேட்பதற்கு எளிது. நடிகை முகத்தைக் காட்டிப் பேசி முடித்ததும், கேமரா கையருகே இறங்கும்போது இவள் உள்ளே வருவாள். சில சமயம் நடிகையின் நாற்காலிக்குப் பின்னால் மண்டி போட்டு, அவள் அக்குள் வழியாகக் கையை நீட்டி, நெற்றியை அவள் முதுகில் சாய்த்துக்கொண்டு, பார்க்காமலே பொத்தான் தைக்க வேண்டும். மூத்தவளுக்குத் தோல் பட்டை போட்ட கடிகாரம், கடைக்குட்டிக்கு நகப்பூச்சு, நடுவுள்ளவளுக்கு ஒன்றுமில்லை.

முதல் வாரமே இயக்குநர் தலையைச் சொறிந்தார்.

"மேடம், மூணு பேருக்கும் ஒரே கையா தெரியுது."

"என்கிட்ட இருக்கறது ஒரு ஜோடிதானே சார்."

"அதுக்கில்ல. கடிகாரத்தை மாத்தினா மட்டும் ஆள் மாறிடாது. மூத்தவ துணியை எடுக்கற மாதிரி சின்னவ எடுப்பாளா? உங்க வீட்டுல எத்தனை பேரு?"

"நாங்களும் மூணு பேருதான். நான் நடு."

"அப்புறம் என்ன, வீட்டுக்குப் போய்ப் பாருங்க."

போய்ப் பார்த்தாள். வீட்டில் இருந்தது அவளும் அக்காவும். கல்யாணமாகி நாலே வருஷத்தில் ஒரு தையல் மெஷினோடு திரும்பி வந்தவள் இவள்; வீட்டை விட்டுப் போகாமலே இருந்தவள் அக்கா. பல் மருத்துவமனை ஒன்றின் வரவேற்பு மேசையில் முப்பது வருஷம் உட்கார்ந்தவள். எதையாவது ஓர் இடத்தில் வைப்பதற்கு முன் அந்த இடத்தைப் புறங்கையால் ஒரு முறை தடவுவாள். துணியை மோவாயில் இடுக்கி மடிப்பாள். மடித்ததன் மேல் உள்ளங்கையை ஒரு கணம் வைத்து அழுத்துவாள், இனி நீ நகரக் கூடாது என்று அதனிடம் சொல்வதுபோல. இத்தனை வருஷம் கண்ணெதிரே நடந்ததுதான். பார்க்க வேண்டும் என்று பார்த்த அன்றுதான் தெரிந்தது.

இரண்டு பேருந்து நிறுத்தம் தள்ளி இருந்த தங்கை கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். அவள் எதையும் ஒரு கையால்தான் செய்வாள். மற்றதில் சாவியோ போனோ இருக்கும். மூடி என்று ஒன்றைக் கடவுள் படைத்ததே அவளுக்குத் தெரியாது.

நடுவுள்ளவளுக்கு என்ன செய்வது என்று கேட்டபோது இயக்குநர், "அதுக்கு உங்க கையையே வெச்சுக்கோங்க," என்றார். அதுதான் வரவில்லை. தன் கை எப்படி இருக்கும் என்று யோசித்தால், பாதி அக்கா மாதிரியும் பாதி தங்கை மாதிரியும் இருந்தது. கடைசியில் நடுவுள்ளவள் எல்லாவற்றையும் சட்டென்று முடித்துவிட்டுக் கையை மேசைக்கடியில் இழுத்துக்கொள்கிறவளாக ஆனாள். நன்றாக இருக்கிறது என்று சொன்னார்கள்.

முதல் பாகம் ஒளிபரப்பானபோது மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து பார்த்தார்கள்.

"சின்னக்கா," என்றாள் தங்கை, "அந்தக் கடைக்குட்டி டப்பாவைத் திறந்துபோட்டுட்டுப் போறாளே, அது யாரு?"

"யாரு? கதையில வர்ற பொண்ணு."

"கதையில வர்ற பொண்ணுக்கு என் புத்தி எப்படி வந்தது? என்கிட்ட கத்துக்கறவங்க எல்லாம் இதைப் பாக்கறாங்க. நாளைக்கு எவனாவது நான் சொன்னா பிரேக் போடுவானா?"

"உன்னைப் பத்தி ஊருக்கே தெரியும்," என்றாள் அக்கா. "தனியா டிவியில வேற காட்டணுமா?" பிறகு திரையைப் பார்த்துக்கொண்டே, "அந்த மூத்தவ மடிக்கறது நேர்த்தியா இருக்கு. யாருகிட்ட கத்துக்கிட்டாளோ," என்றாள்.

தெரிந்து சொன்னாளா, தெரியாமல் சொன்னாளா என்று இவள் கடைசிவரை கேட்கவில்லை. கேட்க நாள் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தாள். அந்த மூத்தவள் புறங்கையால் மேசையைத் தடவினாலே ஜனங்கள் சிரிக்கத் தொடங்கினார்கள். அது ஒரு நகைச்சுவையாகிவிட்டது. அக்காவும் சிரித்தாள்.

நாலாவது வருஷம், ஒரு புதன்கிழமை காலை, வேலைக்குக் கிளம்பிய அக்கா செருப்பு மாட்ட நாற்காலியில் உட்கார்ந்தவள், எழுந்திருக்கவில்லை. ஒரு செருப்பு காலில் இருந்தது. இருதயம் என்றார்கள். போகிறேன் என்று சொல்லவும் இல்லை, படுத்துக் கிடக்கவும் இல்லை.

ஐந்து வாரம் கழித்து இவள் படப்பிடிப்புக்குப் போனாள். அன்றைய காட்சித் தாளில் எழுதியிருந்தது இரண்டே வரி. 'மூத்தவள் வேறு ஊருக்குப் போக முடிவு செய்துவிட்டாள். தனியாக அறையில் பெட்டி அடுக்குகிறாள். கைகள் மட்டும், வசனம் கிடையாது.' நடிகையின் முகத்தை முதல் நாளே எடுத்திருந்தார்கள். கண்ணில் கொஞ்சம் ஈரம், உதட்டில் கொஞ்சம் சிரிப்பு.

கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு கட்டிலருகே போனாள். பெட்டியின் அடியைப் புறங்கையால் தடவினாள். ஒரு சட்டையை எடுத்து மடித்து வைத்து அழுத்தினாள். மானிட்டரைப் பார்த்துக்கொண்டே இயக்குநர் சொன்னார்:

"இன்னொரு தடவை, மேடம்."

பதினொரு தடவை எடுத்தார்கள். ஒவ்வொன்றும் சரியாகத்தான் இருந்தது, ஒன்றிலும் அக்கா இல்லை. பழைய பாகங்களில் உயிரோடு இருந்த அந்தத் தடவல், இப்போது யாரோ பாடம் ஒப்பிக்கிற மாதிரி வந்தது. கேமராக்காரர்தான் மெல்லச் சொன்னார்: "அந்தம்மா கை மாதிரி இல்ல சார்."

இயக்குநர் தங்கமான மனுஷர். கட்டிலோரமாக வந்து உட்கார்ந்தார். "நாளைக்கு மறுபடி பாக்கலாம். வரலைன்னாலும் தப்பில்ல, மேடம். இந்த ஒரு காட்சிக்கு வேற கை பிடிச்சுக்கலாம். மத்த ரெண்டு பேருக்கும் நீங்களே பண்ணுங்க."

அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் அவளுக்கு அது அப்படிக் கேட்கவில்லை. அக்கா என்று உலகத்தில் மிச்சமிருந்தது இந்த அசைவுகள் மட்டும்தான். அலமாரியில் இருப்பது துணி. சுவரில் இருப்பது படம். இரண்டும் எதையும் எடுத்து வைக்காது. இதையும் இன்னொருத்தி கையில் கொடுத்துவிட்டால், அல்லது தன் கையிலேயே இது செத்துப்போய்விட்டால், பிறகு அக்கா எங்கே இருப்பாள்?

நேரே தங்கை வேலை செய்யும் மைதானத்துக்குப் போனாள். பகல் வகுப்பு முடிந்து, கார் ஒரு மரத்தடியில் நின்றுகொண்டிருந்தது. தங்கை வழக்கம்போல ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில். அந்தப் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. ஓட்டுநர் இருக்கையில் இவள் ஏறி உட்கார்ந்தாள்.

"வண்டியைத் தொடாதே," என்றாள் தங்கை. "என்ன, முகம் இப்படி இருக்கு?"

நடந்ததைச் சொன்னாள். தங்கை கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பெரியக்கா பெட்டி அடுக்கி நீ பாத்திருக்கியா?" என்று கேட்டாள்.

"எத்தனை தடவை. உன் கல்யாணத்துக்கு அடுக்கினா. எனக்கு அடுக்கினா. அம்மாவை ஆஸ்பத்திரியில சேர்த்தப்போ அடுக்கினா."

"அவளுக்கு?"

அக்கா எந்த ஊருக்கும் போனவள் இல்லை. நாலு வருஷமாக இவள் எடுத்து வைத்திருந்த ஒவ்வோர் அசைவும், அக்கா வேறு யாருக்காகவோ எதையோ செய்தபோது பார்த்தது. தனக்காக அவள் கை என்ன செய்யும் என்பது இவளுக்குத் தெரியவே தெரியாது. பிறகு எப்படி வரும்?

"நான் பாத்திருக்கேன்," என்றாள் தங்கை.

"எப்போ?"

"எனக்கு ஒன்பது வயசு. காய்ச்சல்னு பள்ளிக்கூடம் போகாம படுத்திருந்தேன். நீ தையல் வகுப்புக்குப் போயிருந்தே, அம்மா கடைக்கு. மத்தியானம். நான் தூங்கறேன்னு நெனச்சு அவ அலமாரியைத் திறந்தா. வேற ஊர்ல ஒரு பெரிய ஆஸ்பத்திரியில வேலை கெடைச்சிருந்துது, ஞாபகம் இருக்கா? வேண்டாம்னு எழுதிப்போட்டேன்னு சொன்னாளே."

"சொன்னா."

"வேண்டாம்னு எழுதல. அன்னிக்குப் போறதாத்தான் இருந்தா." தங்கையின் வலது கால் தானாகப் பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தது. "எதையும் மடிக்கல, சின்னக்கா. தடவறது, அழுத்தறது, ஒண்ணும் இல்ல. ரெண்டு கையாலயும் அள்ளி அள்ளிப் போட்டா. ஹேங்கரோட போட்டா. சட்டைக் கை வெளியில தொங்குது, அப்படியே மூடிப் பூட்டினா. நம்ம அக்காவா இதுன்னு இருந்துது. என்னை மாதிரி இருந்தா."

"அப்புறம்?"

"திரும்பி என்னைப் பாத்தா. நான் கண்ணை மூடிக்கிட்டேன். அப்போ பெட்டியை மறுபடி திறக்கிற சத்தம் கேட்டுது. அப்புறம் ஒவ்வொண்ணா மடிச்சு அலமாரிக்குள்ள வெக்கற சத்தம். ரொம்ப நேரம்." காலைப் பிரேக்கிலிருந்து எடுத்தாள். "ஏன் போகலைன்னு நான் கேக்கல. எனக்குக் காய்ச்சல். அவ போகாம இருந்தா சரின்னு இருந்துது. அப்பவும் கேக்கல, அப்புறமும் கேக்கல."

"இத்தனை வருஷத்துல என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே."

"நீ எங்களைப் பாத்துக்கிட்டே இருப்பே. எதையும் கேக்கமாட்டே."

சுருக்கென்றது. உண்மையைத்தான் சொன்னாள். அடுத்துக் கற்றுக்கொள்ள வேண்டியவர் தூரத்தில் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். இவள் இறங்கி அவருக்கு இடம் விட்டாள்.

மறுநாள் காலை கட்டிலருகே போனபோது, ஒத்திகை வேண்டாம், நேரே எடுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டாள்.

அலமாரியைத் திறந்தாள். அள்ளினாள். போட்டாள். ஒரு ஹேங்கர் பெட்டி விளிம்பில் இடித்து விழுந்தது; எடுத்து அதையும் உள்ளே எறிந்தாள். ஐம்பது வயதுக்காரியின் கை மாதிரி இல்லை அது. பேருந்தைப் பிடிக்க ஓடுகிற இருபது வயதுக்காரியின் கை. மூடியைப் போட்டு, முழங்கையால் அமுக்கி, தாழ்ப்பாளை இழுத்துப் பூட்டினாள். சட்டைக் கை ஒன்று வெளியே தொங்கியது. அதை உள்ளே தள்ளப் போன விரல்கள், தள்ளாமல் நின்றன.

"கட்," என்றார் இயக்குநர். யோசித்தார். "மேடம், இது... நல்லா இருக்கு. ஆனா மூத்தவ இப்படிப் பண்ண மாட்டாளே. ஜனங்களுக்குப் புரியாது. எதுக்கும் பழைய மாதிரி ஒண்ணு எடுத்து வெச்சுக்கலாம்."

"பழைய மாதிரி அவ மத்தவங்களுக்குத்தான் அடுக்குவா சார். இது அவளோட பெட்டி."

"ஒண்ணே ஒண்ணு, கையிருப்புக்கு."

"வராது சார்."

நாலு வருஷத்தில் அந்த அறையில் அவள் வராது என்று சொன்னது அதுதான் முதல் தடவை. இயக்குநர் பதில் சொல்வதற்குள், மூத்தவளாக நடிப்பவள் மானிட்டருக்கு முன்னால் வந்து நின்றாள். எடுத்ததைத் திரும்பப் போடச் சொன்னாள். ஒரு தடவை, மறுபடி ஒரு தடவை.

"என் முகம் தப்பா போச்சு," என்றாள். "முந்தாநேத்து எடுத்ததைத் தூக்கிப் போடுங்க. இப்படிப் பெட்டி அடுக்கறவ அழமாட்டா. மறுபடி எடுக்கலாம்."

விளக்குகளை மாற்றிப் போட்டார்கள். இவள் கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ஓரமாகப் போய் நின்றாள். நடிகை கட்டிலருகே நின்று அலமாரியைப் பார்த்தாள். முகத்தில் துக்கம் இல்லை, சிரிப்பும் இல்லை. பசித்தவள் முகம்போல ஒன்று வந்தது. பிறகு ஒரு கணம் தோள் வழியாகத் திரும்பி, யாரும் படுத்திராத மூலையைப் பார்த்தாள். அப்படிப் பார்க்கும்படி அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

பிற்பகலில் தங்கை போன் செய்தாள். பின்னால் ஏதோ வண்டி உறுமி உறுமி நின்றது.

"வந்துச்சா?"

"வந்துச்சு."

"பெரியக்கா மாதிரியே?"

"நீதான் பாத்துச் சொல்லணும். நான் பாத்ததில்லையே."

அந்தப் பக்கம் தங்கை யாரிடமோ வண்டியை அணைக்கச் சொன்னாள்.

"அழுதியா, சின்னக்கா?"

"அழுதா என்ன," என்றாள். "அவங்க எடுத்தது கையை மட்டும்தானே."