மூன்றும் நங்கூரம்

எண்பத்து மூன்றாம் ஆண்டின் தொடக்கத்தில், யாழ்ப்பாண நகரத்தில் நடந்த ஒரு கானிவேலில், காசு வைத்துக் கட்டை உருட்டும் சூதாட்டக் கடையொன்றில் மூன்று கிழமை, இருபத்தொரு நாள், வேலை செய்தேன். உயர்தரத்தில் கணிதம் படித்துப் பரீட்சை எழுதிவிட்டுச் சும்மா இருந்த காலம். உரும்பிராயிலிருந்து சைக்கிளில் போய்வருவேன். வாசலில் ரிக்கற் கிழிக்கிறேன் என்று வீட்டில் சொல்லியிருந்தேன்.

மேசைத்துணியில் ஆறு கட்டங்கள். சீட்டுக்கட்டின் நான்கு சின்னங்கள், ஒரு கிரீடம், ஒரு நங்கூரம். உருட்டுகிற மூன்று கட்டைகளிலும் அதே ஆறு படங்கள். நாம் காசு வைத்த படம் ஒரு கட்டையில் விழுந்தால் வைத்த அளவு லாபம். இரண்டில் விழுந்தால் இரண்டு மடங்கு. மூன்றிலும் விழுந்தால் மூன்று மடங்கு. பார்க்க நியாயமாகத்தான் தெரியும். முதல் நாளே ஒரு ரிக்கற்றின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கட்டைகள் இருநூற்றுப் பதினாறு விதமாக விழலாம். ஒவ்வொரு விதத்துக்கும் ஒரு ரூபாய் வைத்தால், முடிவில் பதினேழு ரூபாய் முதலாளிக்கு.

இரண்டாம் கிழமை சனம் குறைந்தது. வீதியில் ராணுவ வாகனங்கள் கூடியிருந்தன. பொழுதுபடுமுன் எல்லோரும் வீட்டுக்குப் புறப்பட்டுவிடுவார்கள்.

"இனி ரெண்டு விழுந்தாலும் ஒண்டுக்குத்தான் குடு," என்றார் முதலாளி.

"சனம் கேக்குமே?"

"கேட்டால் சொல்லு. கேளாட்டி விடு. உவங்களிலை ஆர் கணக்குப் பாக்கிறவங்கள்?"

முதலாளியின் பதினேழு ரூபாய் முப்பத்திரண்டாயிற்று. இரண்டொருவர் முணுமுணுத்தார்கள். ஆனாலும் விளையாடினார்கள்.

தினமும் வருபவர்களில் குருநகர் மீனவர் ஒருவர் இருந்தார். நாற்பது வயதிருக்கும். நங்கூரத்தைத் தவிர வேறெதிலும் காசு வைக்கமாட்டார். தோற்றால் சிரிப்பார். வென்றால் எனக்குக் கச்சான் கடலை வாங்கித் தருவார். படகுக்குப் புது வலை வாங்கச் சேர்த்து வைத்திருப்பதாக ஒருநாள் சொன்னார்.

கடைசிக் கிழமை இன்னொரு சட்டம் வந்தது. மூன்றிலும் ஒரே படம் விழுந்தால் துணியில் கிடக்கிற காசெல்லாம் கடைக்கு, அந்தப் படத்தில் வைத்தவருடையதும் சேர்த்து. முதலாளி அதைச் சின்ன எழுத்தில் ஒரு மட்டையில் எழுதி, மேசைக்குக் கீழ்ப்பக்கமாகத் தொங்கவிட்டார்.

அன்று பின்னேரம் அந்த மீனவர் வந்தார். மடியிலிருந்து நூறு ரூபாய்த் தாளொன்றை எடுத்தார்.

"இண்டைக்கும் அதே சட்டந்தானே, தம்பி?"

முதலாளி என் முதுகுக்குப் பின்னால் நின்றார்.

"ஓம் அண்ணை, அதேதான்."

அவர் தாளை நங்கூரத்தில் வைத்தார். நான் கட்டைகளைக் குவளையில் போட்டுக் குலுக்கிக் கவிழ்த்தேன். தூக்கியபோது மூன்றும் நங்கூரம். அவர் இரண்டு கையையும் உயர்த்திக் கூவினார். பக்கத்தில் நின்றவர்கள் அவர் முதுகில் தட்டினார்கள். முதலாளி என்னைத் தாண்டிக் கையை நீட்டித் துணியிலிருந்த காசையெல்லாம் வழித்தெடுத்தார்.

"அண்ணை, நான் வைச்சது நங்கூரமல்லே?"

"உதிலை எழுதிக் கிடக்கு, வாசியும்."

அவர் குனிந்து அந்த மட்டையை வாசித்தார். நெடுநேரம் எடுத்தது. நிமிர்ந்ததும் முதலாளியைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். ஏசுவார் என்று நினைத்தேன். சாரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு சனத்துக்குள் போய்விட்டார். நான் அடுத்த ஆட்டத்துக்குக் கட்டைகளைப் பொறுக்கினேன்.

கானிவேல் முடிந்து ஒரு மாதத்தின் பின் அவரைத் தேடிக் குருநகருக்குப் போனேன். கரையில் பழைய வலையொன்றின் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்தார்.

"அண்ணை, அண்டைக்குச் சட்டம் மாறினது எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் ஓம் எண்டு சொன்னனான்."

ஊசி நிற்கவில்லை.

"அது எனக்கு அண்டைக்கே விளங்கினது, தம்பி."

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவர் தலையை நிமிர்த்தி, "திரும்ப எப்ப கானிவேல் போடுவினம்?" என்றார்.

தெரியாது என்றேன். பதினேழு ரூபாய்க் கணக்கு, முப்பத்திரண்டு ரூபாய்க் கணக்கு எல்லாவற்றையும் மணலிலே எழுதிக் காட்டியிருக்கலாம். காட்டாமலே சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.